ஒன்றரை மீட்டர் மனிதர்கள்

"சின்னவ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று நாற்பத்திரண்டு குடும்பங்களுக்கு நடுவில் எழுந்து நின்று பெரியவள் சொல்லி, இன்றோடு பன்னிரண்டு நாள் ஆகிறது.

அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு நினைவிருக்கும். அடுக்குமாடிக்கு முந்நூறு மீட்டர் தள்ளியிருக்கும் பலகைத் தொழிற்சாலை இரண்டாவது பாய்லர் போடப்போகிறது. அதன் புகையும் பழைய புகைபோக்கி வழியாகத்தான் வெளியே வரும். குடியிருப்பவர்கள் கொதித்துப்போய் எதிர்ப்பு மனு எழுதி, பாதிப் பேர் கையெழுத்தும் போட்டுவிட்டார்கள்.

பெரியவள் ஒரே பேச்சில் அந்த மனுவை மடக்கிவிட்டாள்.

"புகை எங்க போகும், எவ்வளவு போகும்னு கணக்கு போட்டதே என் தங்கச்சிதான். நம்ம பில்டிங்குக்குத் தூசி பதினொண்ணுதான் வருதாம். வரம்பு அறுபது. பதினொண்ணு எங்க, அறுபது எங்க!"

மனு அவள் வீட்டு அலமாரியில் தையல் புத்தகங்களுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. இன்று மூன்று மணிக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம். சின்னவள் மேடை ஏறி, தான் எழுதிய அறிக்கையைப் படிக்க வேண்டும். அதற்காகப் பெரியவள் கருநீலத்தில் ஒரு கோட்டு தைத்து வைத்திருந்தாள். அதை வாங்கிக்கொண்டு போகத்தான் சின்னவள் காலை எட்டரைக்கு அங்கே வந்தாள்.

லிஃப்ட் கதவு திறந்து கிடந்தது. உள்ளே இருந்து இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன.

"மாமா, ஏறலாமா?"

"மச்சினிக்கு இன்னைக்கு மாடிப்படிதான்," என்றது கால்களுக்கு மேலே எங்கிருந்தோ ஒரு குரல். பெரியவளின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள லிஃப்ட்டையெல்லாம் ஓட வைப்பார், சொந்தக் கட்டிடத்து லிஃப்ட் மட்டும் அவர் பேச்சைக் கேட்காது. "மீட்டிங்ல மேடை ஏறணும்ல, பழகிக்கோ."

படியேறும் முன் பின்பக்கம் பார்த்தாள். காவலாளியின் மனைவி கொடியில் படுக்கை விரிப்புகளைக் காயப்போட்டிருந்தாள். பளிச்சென்று கண் கூசும் வெள்ளை.

ஆறாவது மாடியில் வேறு காட்சி. வீடே ஆஸ்பத்திரி மாதிரி இருந்தது. சாப்பாட்டு நாற்காலிகள், சோபா, டிவி, கதவுக் கைப்பிடி, எங்கே பார்த்தாலும் டாக்டர் கோட்டுகள் ஈரத்தோடு தொங்கின. பெரியவளுக்குத் தொழில் அதுதான். ஆஸ்பத்திரிகளுக்குக் கோட்டு தைத்து, துவைத்து, இஸ்திரி போட்டு அனுப்புவாள்.

"ஏன்க்கா எல்லாத்தையும் உள்ள போட்டிருக்க? பால்கனி காலியாத்தானே இருக்கு?"

"அந்தக் கதையை ஏன் கேக்கற!" பெரியவளுக்கு இந்தக் கேள்விக்காகவே ஒரு வாரமாக வாய் நமநமத்துக்கொண்டிருந்தது. "பால்கனில போட்டா சாயந்திரத்துக்குள்ள சாம்பல் பூத்துடுது. போன வாரம் ஆஸ்பத்திரில இருந்து பதினோரு கோட்டு திரும்பி வந்துச்சு. அழுக்குக் கோட்டு அனுப்பியிருக்கீங்கன்னு சீட்டு வேற. என் வாழ்க்கையில யாராவது என்னை அப்படிச் சொன்னதுண்டா? மூணு சோப்பு மாத்திட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம்தான் மூளையில உறைச்சுது. எல்லாம் அந்த மிதியடி மன்னன் வேலை."

மிதியடி மன்னன் என்பவர் ஏழாவது மாடியில் தனியாக இருக்கும் ஓய்வுபெற்ற பல் டாக்டர். தினமும் காலையில் தன் வீட்டில் கால் துடைக்கும் மிதியடிகளைப் பால்கனிக் கம்பியில் போட்டுத் தட்டுவார். சாதுவான மனிதர். பெரியவள் மேலே போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

"அவர் என்ன சொல்றார் தெரியுமா? இது பேக்டரி புகையா இருக்கலாமேம்மாங்கறார். விடுவேனா நான்? என் தங்கச்சி கம்ப்யூட்டர்ல கணக்கு போட்டாச்சு, புகை இங்க வராது, வர்றதெல்லாம் உங்க மிதியடிதான்னு முகத்துக்கு நேராச் சொல்லிட்டேன். மனுஷன் வாயடைச்சுப் போய்ட்டார். அன்னையில இருந்து தட்டறதே இல்ல."

"தட்டறதை நிறுத்தினதும் சாம்பல் நின்னுடுச்சா?"

"எங்க! நமக்குத் தெரியாமத் தட்டறார் போல."

சின்னவள் சிரிக்க வாய் திறந்தாள். சிரிப்பு வரவில்லை. பால்கனிக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள்.

காற்றே இல்லாத காலை. செடியில் ஓர் இலை ஆடவில்லை. தொழிற்சாலைப் புகைபோக்கியிலிருந்து கிளம்பிய புகை மேலே போகவும் இல்லை, கீழே இறங்கவும் இல்லை. இஸ்திரி போட்ட நாடா மாதிரி தட்டையாக நீண்டு இந்தப் பக்கமாக வந்துகொண்டிருந்தது. அந்தப் புகைபோக்கியை அவள் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள், எல்லாம் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்ததுதான். இன்று அதைப் பார்க்கத் தலையைத் தூக்க வேண்டியிருக்கவில்லை. புகை அவள் கண்ணுக்கு நேராக இருந்தது.

கைப்பிடிக் கம்பியில் விரலை வைத்து இழுத்தாள். விரல் நுனி சாம்பல் நிறமானது.

"அக்கா, கீழ காவலாளி வீட்டுத் துணியெல்லாம் வெள்ளையா இருக்கே?"

"அதான் எனக்கும் ஆத்திரம். அவ போடறது எந்த சோப்புன்னு கேட்டா, இருக்கறதுலயே மட்டமானதைச் சொல்றா. மறைக்கிறா."

அந்த நேரம் மாமா வியர்வையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். சின்னவள் கேட்டாள்:

"மாமா, இந்த வீட்டுத் தரை கீழேருந்து எவ்வளவு உயரம்?"

"பத்தொன்பது மீட்டர் நாப்பது சென்டி," என்றார், யோசிக்காமல். "லிஃப்ட் கயிறு மாத்தினப்ப அளந்தேன். ஏன், கீழ குதிக்கப் போறியா?"

"சாப்பிட்டுட்டுப் போடி," என்றாள் பெரியவள்.

"நேரமாச்சுக்கா." கோட்டை வாங்கிக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு, இரண்டிரண்டு படியாக இறங்கினாள்.

ஆபீசுக்கு வந்ததும் சின்னவள் முதலில் திறந்தது கம்ப்யூட்டரில் இருந்த புள்ளிகளின் கோப்பைத்தான்.

அவள் வேலையைச் சொல்வது சுலபம். புகை விடப்போகும் தொழிற்சாலைக்காக, ஊரின் வரைபடத்தில் இரண்டாயிரத்து முந்நூறு புள்ளிகளை வைப்பாள். ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு மனிதன் நிற்பதாக வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு வருஷத்தின் எட்டாயிரத்து எழுநூற்று அறுபது மணி நேரத்துக் காற்றையும் வெயிலையும் கம்ப்யூட்டருக்குள் ஊட்டினால், எந்தப் புள்ளியில் நிற்பவன் மூக்குக்கு எவ்வளவு தூசி வரும் என்று அது சொல்லும். அக்காவின் கட்டிடத்துக்கும் ஒரு புள்ளி உண்டு. அதற்குத்தான் பதினொன்று.

கோப்பின் கடைசிப் பத்தி, உயரம். மேலிருந்து கீழ்வரை ஒரே எண். ஒன்றரை, ஒன்றரை, ஒன்றரை. தரையில் நிற்கும் மனிதனின் மூக்கு உயரம்.

ஆறு வருஷத்துக்கு முன் இந்தக் கோப்பை முதன்முதலாகச் செய்தவள் அவள்தான். அன்று கணக்குப் போட்ட ஊரில் ஓட்டு வீடுகளைத் தவிர ஒன்றும் இல்லை, ஒன்றரை சரியாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வேலைக்கும் அதே கோப்பை நகல் எடுத்து, புள்ளிகளின் இடத்தை மட்டும் மாற்றினாள். உயரப் பத்தியை யாரும் தொடவில்லை. அவள் அறிக்கையில் ஊரே தரையில்தான் நின்றது. ஒருவரும் மாடி ஏறவில்லை.

ஒரே ஒரு புள்ளியைப் புதிதாகச் சேர்த்தாள். இடம், அக்கா வீட்டுப் பால்கனி. உயரம், பத்தொன்பது நாற்பதோடு ஒன்றரை. ஓட்டத்தைத் தொடங்கிவிட்டு உட்கார்ந்தாள். முடிய இருபத்திரண்டு நிமிஷம் ஆகும். டீ வாங்கிக்கொண்டு வந்தாள், அது ஆறிப்போகும்வரை குடிக்கவில்லை.

எண்பத்து மூன்று.

எங்கேயாவது தப்பாகத் தட்டியிருப்பாள் என்று மறுபடி ஓட்டினாள். மறுபடி எண்பத்து மூன்று. ஒரு பாய்லரோடு மட்டும் ஓட்டிப் பார்த்தாள். இப்போதே நாற்பத்தைந்து. கோட்டுகள் ஏன் திரும்பி வந்தன என்பதற்கு விடை அங்கே இருந்தது.

காரணமும் அவளுக்கு உடனே விளங்கியது, அதுதான் வேதனை. காற்று அசையாத காலை நேரங்களில் புகை தரைக்கு இறங்காது, கிளம்பின உயரத்திலேயே படுத்தபடி போகும். தரையில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. அந்த உயரத்தில் ஜன்னலைத் திறந்து வைத்திருப்பவர்கள்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். பாடப் புத்தகத்தின் முதல் அத்தியாயத்தில் உள்ள விஷயம். அதைத் தெரிந்து வைத்துக்கொண்டே அக்காவிடம் பதினொன்று என்று சொல்லியிருக்கிறாள். போனில், ஒரு கையால் காய் நறுக்கிக்கொண்டு.

இயக்குநர் அறைக்குப் போனாள். ஆபீசில் அவருக்குப் 'பக்கம் எட்டு' என்று பெயர். எந்த அறிக்கையாக இருந்தாலும் முடிவுகளின் அட்டவணை எட்டாம் பக்கத்தில் வரும், அவர் அதைத் தவிர வேறெதையும் படித்து யாரும் பார்த்ததில்லை.

"சார், இன்னைக்குப் படிக்கப்போற அறிக்கையில ஒரு திருத்தம்."

"எட்டாம் பக்கம் மாறுதா?"

"மாறுது சார்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். சின்னவள் சொன்னாள். முழுதாகக் கேட்டார்.

"படிவத்துல என்ன கேட்டிருக்காங்க? மூச்சு விடற உயரம், ஒன்றரை மீட்டர். நாம என்ன கொடுத்தோம்? ஒன்றரை மீட்டர். இதுல தப்பு எங்க வந்துச்சு?"

"ஆறாவது மாடில இருக்கறவங்களும் மூச்சு விடறாங்க சார்."

"வாய்ப்பேச்சு நல்லாத்தான் இருக்கு." கோபம் இல்லாமல்தான் சொன்னார். கெட்டவர் என்று அவரைச் சொல்ல முடியாது, பயந்தவர். "இன்னைக்கு இருக்கறதைப் படி. யாராவது கேட்டா சொல்லு. கேக்கலைன்னா நீயா எடுத்துக் கொடுக்காத. ஒரு மாசம் கழிச்சுக் கூடுதல் அறிக்கைன்னு ஒண்ணு அனுப்பிக்கலாம்."

"ஒரு மாசத்துல அனுமதி வந்துடும் சார்."

"அது அதிகாரி பாடு. அறிக்கையில கையெழுத்து உன்னோடது, ஞாபகம் வச்சுக்கோ. ஆறு வருஷமா நல்ல பேர் எடுத்திருக்க."

வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். யாராவது கேட்டால் சொல்லலாம். யார் கேட்பார்கள்? கேட்க வேண்டியவர்கள் மனு எழுதினார்கள். மனுவை மடக்கி வைத்தது யார்? அவள் அக்கா. யார் பேச்சை நம்பி?

போன் செய்தாள். பெரியவள் எடுக்கவில்லை. தையல் மெஷின் ஓடினால் அவளுக்கு இடி விழுந்தாலும் கேட்காது. மாமா எந்த லிஃப்ட் கிணற்றுக்குள் இருக்கிறாரோ, அவரும் எடுக்கவில்லை. ஐந்து முறை போட்டுப் பார்த்துவிட்டு, புதிய எண்களை ஒரு தாளில் அச்செடுத்து மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

நகரசபை மண்டபத்து வாசலில் பெரியவள் ஏற்கெனவே வந்து நின்றாள். தனியாக இல்லை. அடுக்குமாடியிலிருந்து இருபது பேரைத் திரட்டி வந்திருந்தாள், எதிர்க்க அல்ல, கைதட்ட. கூட்டத்தின் ஓரத்தில் பல் டாக்டரும் ஒதுங்கி நின்றார்.

"இதான் என் தங்கச்சி," என்று யாருக்கோ காட்டினாள். பிறகு அருகில் வந்து கோட்டின் தோளைச் சரிசெய்தாள். "பாத்தியா, அளவு கச்சிதம். ஏன் முகம் வெளிறிப் போயிருக்கு? சாப்பிட்டியா இல்லையா?"

"அக்கா, இப்படி வா."

தண்ணீர்க் குடம் வைத்திருந்த மூலைக்கு இழுத்துக்கொண்டு போனாள். வரும் வழியெல்லாம் எப்படித் தொடங்குவது என்று யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோனது.

"நான் உனக்குச் சொன்ன பதினொண்ணு உன் வீட்டுக்கு இல்லக்கா. உங்க வாசலுக்கு. தரையில நிக்கறவங்களுக்குத்தான் கணக்குப் போட்டிருக்கேன். உன் பால்கனிக்கு இன்னைக்குத்தான் போட்டுப் பாத்தேன். எண்பத்து மூணு வருது. தப்பு என்னோடதுதான்."

பெரியவளின் கை தங்கையின் காலரில் அப்படியே நின்றது.

"அப்ப... மிதியடி?" என்றாள்.

"மிதியடி இல்லக்கா. புகைதான்."

"அந்த மனுஷனை நான் என்னெல்லாம் பேசினேன் தெரியுமா?" பெரியவள் மெதுவாகக் கையை எடுத்தாள். "நாப்பத்திரண்டு குடும்பத்துக்கு முன்னாடி எழுந்து நின்னு சொன்னேனேடி. இப்ப உள்ள போய் என்ன சொல்லப் போற?"

"யாராவது கேட்டா சொல்லுன்னார் சார். கேக்கலைன்னா வேண்டாம்னார்."

"நான் சாரைக் கேக்கல."

உள்ளே மணி அடித்தது. பெரியவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. முன்வரிசையில் தனக்காகப் பிடித்து வைத்திருந்த நாற்காலியைத் தாண்டிப் போய், கடைசி வரிசையில் ஓரமாக உட்கார்ந்தாள்.

கூட்டத்தை நடத்திய பெண் அதிகாரி கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் எழுதிக்கொள்கிறவர். தொழிற்சாலை மேலாளர் பேசி முடித்ததும் சின்னவளை அழைத்தார். பத்து நிமிஷம் படித்தாள். எட்டாம் பக்கம் வந்தபோது முதல் வரிசையில் இயக்குநர் தலையை ஆட்டிக்கொண்டே தன் பிரதியில் விரலை ஓட்டினார்.

"அடுக்குமாடிக் கட்டிடம், பதினொன்று," என்று படித்தாள்.

"கேள்வி இருக்கறவங்க கேக்கலாம்," என்றார் அதிகாரி.

ஒருவரும் கேட்கவில்லை. அடுக்குமாடிக்காரர்கள் கைதட்டத் தயாராகப் பெரியவளைத் திரும்பிப் பார்த்தார்கள். பெரியவள் தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்காலிக்குத் திரும்ப சின்னவளுக்கு நாலடிதான் தூரம். அவள் கோட்டுப் பையில் கையை விட்டுத் தாளை எடுத்தாள்.

"யாரும் கேக்கல. ஆனா நான் சொல்லணும். இந்த எட்டாம் பக்கம் முழுசா இல்லை."

இயக்குநர் தலையாட்டுவதை நிறுத்தினார்.

"இதுல இருக்கற எல்லா எண்ணும் தரையில நிக்கற ஆளுக்கு. மாடில இருக்கறவங்களுக்கு நான் கணக்கே போடல. இன்னைக்குக் காலையில ஆறாவது மாடிக்கு மட்டும் போட்டேன். ரெண்டு பாய்லரும் ஓடினா எண்பத்து மூணு. வரம்பு அறுபது."

மண்டபத்தில் சலசலப்பு கிளம்பியது. தொழிற்சாலை மேலாளர் இயக்குநரின் காதருகே குனிந்தார். அதிகாரி கையை உயர்த்தி எல்லோரையும் அடக்கினார்.

"இது ஏன் அறிக்கையில வரலை?"

"விட்டுட்டேன் மேடம். பழைய கோப்பை அப்படியே எடுத்தேன். உயரத்தைப் பாக்கல."

மூன்றாவது மாடியில் இருக்கும் பேங்க்காரர் எழுந்தார். அவர் கோபம் மேடைக்குப் போகவில்லை, கடைசி வரிசைக்குப் போனது. "ஏம்மா, உங்க தங்கச்சி கணக்குப் போட்டாச்சு, பயமே இல்லைன்னு நீங்கதானே சொன்னீங்க? கையெழுத்துப் போட்டவங்களையெல்லாம் வீட்டுக்கு அனுப்பினீங்களே!"

எல்லாத் தலையும் திரும்பியது. பெரியவள் எழுந்தாள். நாற்பத்தெட்டு வயதில் அவளை யாரும் பொது இடத்தில் கேள்வி கேட்டதில்லை. முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே பேசினாள்.

"சொன்னேன், இல்லைங்கல. அன்னைக்கு அவ சொன்னதை நம்பி உங்ககிட்ட சொன்னேன். இன்னைக்கு அவ சொல்றதையும் நான்தான் சொல்லணும். புகை நம்ம வீட்டுக்கு வருது. மனு என் அலமாரிலதான் இருக்கு, கிழிக்கல. இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் அடுத்த கையெழுத்து நான் போடறேன்."

உட்காரப் போனவள், மறுபடி நிமிர்ந்து பல் டாக்டர் இருந்த பக்கம் திரும்பினாள்.

"சார், மிதியடி விஷயத்துல நான் பேசினது தப்பு. எல்லார் முன்னாடியும் சொல்றேன். மன்னிச்சுக்கோங்க."

பல் டாக்டர் கூச்சத்தோடு பாதி எழுந்தார். "அதனால என்னம்மா. நீங்க அவ்வளவு உறுதியாச் சொன்னதுல எனக்கே சந்தேகம் வந்து, எல்லா மிதியடியையும் ரெண்டு தடவை துவைச்சுப் போட்டுட்டேன்."

கோபமாக இருந்தவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். அதிகாரியும் சிரித்தார், ஆனால் எழுதுவதை நிறுத்தவில்லை. எல்லா மாடிக்கும் புதுக் கணக்கை எழுத்தில் கொடுக்கச் சொல்லி, கூட்டத்தைப் பதினைந்து நாளைக்கு ஒத்திவைத்தார். பிறகு பேனாவை மூடப்போனவர், மூடாமல் கேட்டார்:

"பழைய கோப்புன்னு சொன்னீங்களே. அதே கோப்பை வச்சு இதுக்கு முன்னாடி எத்தனை அறிக்கை எழுதியிருக்கீங்க?"

மேடையில் நின்றபடி விரல் விட்டு எண்ண வேண்டிய அவசியமே இல்லை. ஆபீஸ் படியிறங்கும்போதே எண்ணி வைத்திருந்தாள்.

"பதினேழு."

முதல் வரிசையில் இயக்குநர் எட்டாம் பக்கத்தைத் தாண்டி ஒன்பதாம் பக்கத்தைப் புரட்டினார். ஆறு வருஷத்தில் அவர் அதைச் செய்து சின்னவள் பார்த்தது அன்றுதான்.

மாலை ஆறு மணிக்குத் தையல் அறையில் அக்கா, தங்கை இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். மனுவில் பெரியவளின் கையெழுத்தும் விழுந்து, அது இப்போது மூன்றாவது மாடியில் சுற்றிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்ததும் பெரியவள் சொன்னது ஒன்றே ஒன்று: "கோட்டைக் கழட்டு. பை ஓரத்துல தையல் விட்டிருக்கு."

சின்னவள் கழற்றிக் கொடுத்தாள். தாளை எடுத்த அவசரத்தில் பையைக் கிழித்திருக்கிறாள் போலும்.

பெரியவள் ஊசியில் நூலைக் கோத்தாள். நாலைந்து தையல் போட்ட பிறகு, தலையைத் தூக்காமல் கேட்டாள்:

"இன்னைக்கு நீ கோட்டு வாங்க வரலைன்னா?"

வந்திருக்காவிட்டால் சின்னவள் பதினொன்று என்று படித்துவிட்டு உட்கார்ந்திருப்பாள். இருபது பேரும் கைதட்டியிருப்பார்கள். அக்காவின் கைதட்டல்தான் எல்லாவற்றையும்விடப் பலமாகக் கேட்டிருக்கும். அதை நினைத்ததும் அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்த அழுகை வந்துவிட்டது.

பெரியவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். வெட்டு அளவு எடுக்கும் பழுப்புக் காகிதத்திலிருந்து ஒரு முழத் துண்டைக் கிழித்து, மெஷினின் மேல் விரித்து, பென்சிலையும் வைத்தாள்.

"அழுது முடிச்சதும் எழுது. பதினேழையும் எழுது."

சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதினாள். சுண்ணாம்புச் சூளை. இரும்பு உருக்கும் பவுண்டரி. சாயப்பட்டறை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதன் புகைபோக்கி இருக்கும் இடம். மாமா கை கழுவிக்கொண்டு வந்து அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"நாலாவது என்ன? ஐஸ் பேக்டரி பக்கத்துல இருக்கற குப்பை எரிக்கிற இடமா?"

"ஆமா மாமா. எதிர்ல இருக்கற பிரசவ ஆஸ்பத்திரிக்கு ஒரு புள்ளி வச்சேன். ஆறுதான் வந்துச்சு."

"வாசல்லயா வச்ச?"

சின்னவளின் பென்சில் நின்றது.

"அந்த ஆஸ்பத்திரி லிஃப்ட் நான் மாட்டினது," என்றார் மாமா. "அஞ்சு நிறுத்தம். வாசல்ல ஒருத்தரும் நிக்க மாட்டாங்க. பிறந்த குழந்தைங்களை வைக்கிற வார்டு நாலாவது மாடில."

மேஜைமேல் போன் அடித்தது. இயக்குநரின் எண். கூட்டம் முடிந்ததிலிருந்து இது மூன்றாவது முறை. சின்னவள் அதைப் பார்த்தாள், எடுக்கவில்லை.

"அங்க துணியெல்லாம் யாரு காயப்போடறாங்க?" என்று பெரியவள் கேட்டாள்.

சின்னவளுக்குத் தெரியவில்லை. அந்தப் பதினேழு இடத்திலும், சாம்பல் பூத்த துணியை அவள் கண்முன் விரித்துக் காட்ட அவளுக்கு ஓர் அக்கா இல்லை. போன் ஓய்ந்ததும் நாலாவது வரிக்குப் பக்கத்தில் உயரம் என்று எழுதி, எண்ணுக்கு இடம் விட்டாள்.

"நாலாவது மாடிக்குக் கயிறு எவ்வளவு மாமா?" என்றாள்.